குறுக்கே நின்ற உடம்பு

"குட்டி, குறுக்க நிக்காத. அந்தப் பக்கம் போ."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். தொண்ணூற்று நான்கில் நின்றிருந்த எண் எண்பதுக்கு இறங்கியிருந்தது. அவள் சொன்னதும் மறுபடி தொண்ணூற்று நான்குக்கு ஏறிவிட்டது. பரவாயில்லையே, ஒரு தடவை சொன்னதும் கேட்டுவிட்டாளே என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டாள். பிறகுதான் உறைத்தது. குட்டி காய்ச்சல் மருந்து குடித்துவிட்டு மத்தியானத்திலிருந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். நடைவழியில் யாரும் இல்லை.

நடைவழியின் அந்தக் கோடியில், செருப்பு அலமாரியின் மேல், சீட்டுக்கட்டு அளவே இருக்கும் கணினிப் பலகை பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோடியில், சமையலறை மேசைமேல், அவளுடைய லேப்டாப். பலகை வைஃபையில் அனுப்புவது நொடிக்கு எத்தனை மெகாபிட் வந்து சேருகிறது என்று அளப்பதுதான் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் மாட்டப்போகிற கருவிக்குள் போகவேண்டிய பலகை அது. எண் ஆடாமல் நின்றால் காலையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குட்டியோடு இருக்கலாம். ஆனால் மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீரோ வைஃபை அலையைக் குடித்துவிடும். குறுக்கே யார் வந்தாலும் எண் இறங்கும். வீட்டிலேயே உட்கார்ந்து அளந்து அளந்து, இறக்கத்தைப் பார்த்தே ஆளைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். குட்டி என்றால் எண்பது. கணவன் என்றால் நாற்பத்தைந்து. "உங்க தொப்பை பாதி வேகத்த முழுங்கிடுதுங்க" என்று அவனைச் சீண்டுவாள்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். ஜன்னலில் மழை விடாமல் சலசலத்துக்கொண்டிருந்தது; இழுத்துவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகிக்கொண்டிருந்தது; மருந்தின் தித்திப்பு வாசனை அறையில் இல்லவே இல்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. குட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், போர்வை கழுத்துவரை. நெற்றியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது.

திரும்பி வந்து, இது பக்கத்து வீட்டு வைஃபையின் குறுக்கீடாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, பலகையின் வைஃபை சேனலை மாற்றினாள். சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்று மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் அணைத்தாள். அவை இத்தனை நேரம் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன என்பதே, அவை நின்ற பிறகுதான் தெரிந்தது. மழை மட்டும் மிச்சம்.

எண்பது.

நடைவழியையே பார்த்தாள். வெறும் தரை. எண் ஏறவில்லை. சமையலறைக்குள் மெல்ல ஒரு வாசனை வந்தது, மருந்தின் தித்திப்பு. முழங்கைக்குப் பக்கத்தில் ஓர் அனல். காய்ச்சல்காரப் பிள்ளை ஒட்டி நின்றால் அடிக்குமே, அந்த அனல். பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"மழையில மாட்டிக்கிட்டேன். அரை மணி நேரம் ஆகும். குட்டி எப்படி இருக்கா?"

"காய்ச்சல் விட்டுடுச்சு. உடம்பு சில்லுன்னு இருக்கு."

"அப்புறம் ஏன் உன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"எண் ஆடுதுங்க."

"உனக்கு எண் ஆடினா உலகமே ஆடின மாதிரி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

நடைவழியில் ஏதோ கோளாறு என்றால் நடைவழியே வேண்டாம். வேலையில் பழகிய புத்தி அப்படித்தான் போயிற்று. பலகையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கே வந்தாள். பிள்ளையின் பக்கத்தில் இருந்தால் பயமும் போகும். கட்டிலில் இடது பக்கம் லேப்டாப், வலது பக்கம் முக்காலியில் பலகை. நடுவில் அவள் உட்கார்ந்ததும் எண் ஐம்பதுக்கு இறங்கியது. அது அவளுடைய உடம்பு. பின்னுக்கு நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். தொண்ணூற்று நான்கு.

"அம்மா, தூக்கு."

குட்டி விழித்திருந்தாள். கைகளை நீட்டினாள். வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், காய்ச்சலில் இளைத்துவிட்டாள், கனமே இல்லை. கன்னத்தோடு கன்னம் வைத்தபடி திரையைப் பார்த்தாள்.

தொண்ணூற்று நான்கு.

மடியிலிருந்த பிள்ளையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். பலகைக்கும் லேப்டாப்புக்கும் நேர் நடுவில். எண்பது வரவேண்டும்.

தொண்ணூற்று நான்கு.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.  எண் அசையவில்லை. அங்கே யாருமே இல்லை என்கிறது எண். மடியில் பிள்ளை இருக்கிறாள். பார்க்க முடிகிறது. தொட முடிகிறது. சில்லென்று.

அப்போது எண் இறங்கியது.

எண்பது.

முழங்காலில் அனல். மருந்து வாசனை. யாரோ அவளை ஒட்டி வந்து நிற்கிறார்கள். சின்ன உடம்பு. கண்ணுக்குத் தெரியாத, சூடான, சின்ன உடம்பு. நடைவழியில் நின்றது இவள்தான். சமையலறையில் பக்கத்தில் வந்து நின்றதும் இவள்தான். பெற்றவளே அந்தப் பக்கம் போ என்று விரட்டியிருக்கிறாள்.

"குட்டி" என்றாள் வெறும் காற்றைப் பார்த்து. அழுகை முட்டியது. "கண்ணு, அம்மா இங்கதான்டா இருக்கேன்."

கையை நீட்டினாள். கொதிக்கிற பிஞ்சு விரல்கள் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பற்றிக்கொண்டன. இறுக்கமாக.

நாற்பத்தைந்து.

பெரிய உடம்பு. அந்தச் சின்ன உடம்புக்குப் பின்னால். கணவன் இன்னும் வந்திருக்க முடியாது.

பிஞ்சு விரல்கள் இழுபட்டன. அவள் விடவில்லை. எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியிலிருந்தது கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. கனமே இல்லாதது, இப்போது அசைக்கவே முடியாததாகியிருந்தது. ஒரு விரல் நழுவியது. இன்னொன்று. பிறகு நகம் மட்டும் தோலைக் கீறிக்கொண்டு போனது.

மருந்து வாசனை இல்லை. அனல் இல்லை.

தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று நான்கு.

குளிர்ந்த உதடுகள் அவள் காதில் உரசின.

"இப்போ எண் சரியாயிடுச்சாம்மா?"