பூட்டிக்கொண்ட வில்லை

காலையில் வில்லை பழுதுபார்க்கும் கடையைத் திறந்ததும் ஸ்டெல்லாவுக்கு முதல் வேலை உப்பு துடைப்பதுதான். தூத்துக்குடிக் கடலில் மிதக்கும் அந்த ஊரில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு துளை, அதில் ஒரு நினைவு வில்லை. மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு மனித மூளையில் எதுவும் ஒரு தூக்கத்துக்கு மேல் தங்குவதில்லை. வில்லையில் பதிந்தால்தான் நாளைக்கு இருக்கும். துளையில் உப்பு படிந்துவிட்டால், ஆள் நேற்று என்ற ஒன்றே இல்லாமல் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

அன்று முதலில் வந்தது ஒரு புதுத் தம்பதி. மீன்பண்ணை ரொசாரியோவும் அவன் மனைவி ஜாக்குலினும்.

"அக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் இவளுக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. தெனமும் எந்திரிச்சதும் 'மாத்தியாச்சா?'ன்னு கேக்கா."

ஸ்டெல்லாவுக்குப் பொறி தட்டியது. அந்த ஊர்க் கல்யாணத்தில் மோதிரத்தோடு வில்லையையும் மாற்றுவார்கள். ஒருவர் வில்லையை மற்றவர் உள்ளங்கையில் ஏந்திவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

"வில்லை எழுதிட்டிருக்கும்போது மினுங்குமே வெளக்கு, அது அணையுமுன்னே பிடுங்கிட்டியளோ?"

"எனக்கு அணைஞ்சிட்டு. இவளுக்கு அணையல. அதுக்குள்ள கோயில் மணி அடிச்சு, எல்லாரும் 'எடு, எடு'ன்னாவ."

"நல்லா எடுத்திய போ! எழுதுற கையப் பிடிச்சு இழுத்த மாதிரில்லா ஆயிருக்கு."

ஜாக்குலினின் வில்லையைக் கழற்றி, கடையில் இருந்த சோதனைக் கருவியின் துளையில் பொருத்திப் பார்த்தாள். அதே பிழை. அப்படியானால் கோளாறு ஜாக்குலினின் துளையில் இல்லை. வில்லைக்குள் ஓடுவது பழைய கணினிகளில் இருந்த லினக்ஸ் இயங்குதளம்தான். அதன் மையமான கர்னல் பதிந்திருந்த வரிகளைத் திரையில் விரித்தாள். எழுதுவதில் பிழை. அட்டவணை குலைந்தது. இனி வாசிக்க மட்டும்.

எத்தனையோ முறை பார்த்த வரிகள்தான். ஆனாலும் அவளுக்கு மெய்சிலிர்த்தது. நகத்தளவுப் பொருள்! அடிபட்டதும் அது முதலில் செய்த காரியம் தன்னைத் தானே பூட்டிக்கொண்டதுதான். மேற்கொண்டு எழுதினால் பழையது கலைந்துவிடும் என்று, ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும் இறுக மூடிக் காத்துக்கொண்டிருக்கிறது. வில்லை வெளியே இருந்ததால் ஜாக்குலினிடம் இன்றைய காலை மட்டுமே இருந்தது. அவள் ரொசாரியோவின் விரலை விடவே இல்லை.

ஸ்டெல்லா முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்தாள். அது முடிவதற்குள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். நகலில் பழுதுநீக்கும் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வில்லையை ஜாக்குலினுக்கே மாட்டிவிட்டாள்.

"சரி பண்ணா இனிமே எழுதும். பழசெல்லாம் பத்திரம். ஆனா அந்தக் கல்யாணக் காலை மட்டும் சிதறிரும். தொலைஞ்சது கெடக்குற பெட்டியில பேரில்லாத துண்டுகளாக் கெடக்கும்."

"வேண்டாம்க்கா" என்றான் ரொசாரியோ. "தெனமும் கல்யாணப் பொண்ணாத்தான் எந்திரிக்கா. அந்தச் சந்தோசத்த எப்படிக்கா அழிக்கது?"

ஜாக்குலின் அவன் பக்கம் திரும்பினாள். "நேத்து நாம என்ன செஞ்சோம்?"

"சண்ட போட்டோம். ஒங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்கு."

"யாரு ஜெயிச்சா?"

"நீதான்."

சிரித்தவள் சிரிப்போடு சிரிப்பாக அழுதுவிட்டாள். "ஜெயிச்சதுகூடத் தெரியாம இருக்கனே! சரி பண்ணிருங்க அக்கா. இனிமே போடுற சண்டையெல்லாம் எனக்கு வேணும்."

மறுநாள் ஸ்டெல்லா கடையைத் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"நேத்து நீங்க தந்த டீயில சீனியே இல்லக்கா" என்றாள் ஜாக்குலின்.

நேத்து! ஸ்டெல்லா துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய மதிப்பா என்று தோன்றியது.

"அந்தப் பெட்டியில ஒரு துண்டு கெடக்குக்கா. வெறும் மணிச் சத்தம். எதுக்கு அடிச்சதுன்னு தெரியல. ஆனா அது கேக்கும்போதெல்லாம் இவரப் பாக்கணும்போல இருக்கு."

ரொசாரியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போது தனக்கு மட்டுமே தெரிந்த அந்தக் காலையை அவளுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். இந்தத் தடவை சீனியை மறக்கவில்லை.