உத்திரத்தின் தொப்பை எந்தப் பக்கம்?

லூலியோ நகரச் சோதனைக்கூடத்துக்குள் பட்டறை மேஸ்திரி ஸ்டூரே நுழைந்தபோது அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. வெல்டர் இல்வாவின் உரிமத்தைப் பறிக்கச் சொல்லும் கடிதம். பாலப் பரிசோதகர் ஹெட்டா கையெழுத்துப் போட்டால் போதும்.

“ஒரே வரைபடம், ஒரே இரும்பு. நான் செஞ்ச உத்திரம் தொண்ணூறு டன் தாங்குச்சு. இவ செஞ்சது எழுபதுலயே மடங்கிப்போச்சு. போடுங்க கையெழுத்தை!”

எங்கள் ஊரில் ஸ்டூரேவுக்குத் தன் கைவேலைமேல் இருந்த காதல் வேறு யார்மேலும் இருந்ததில்லை.

“நான் ஒழுங்காத்தான் செஞ்சேன்,” என்றாள் பின்னால் நின்ற இல்வா. கண்கள் சிவந்திருந்தன. உரிமம் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஹெட்டாவின் உதவியாளர் பெங்ட் அதற்குள் பூதக்கண்ணாடியோடு, மடங்கிய உத்திரத்துக்கு அடியில் புகுந்திருந்தார். “சதி! யாரோ ரம்பம் போட்டிருக்காங்க!”

“அது உன் பெல்ட் உரசின கீறல். வெளியே வா,” என்றார் ஹெட்டா.

உத்திரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘இல்வா’ என்று எழுதியிருந்தது. ஹெட்டா அதைச் சட்டை செய்யாமல், நடுத்தகட்டில் உருக்காலை அடித்திருந்த முத்திரையைத் தேடினார். பிறகு, வெல்டிங் முடிந்த அன்றே பட்டறையில் எடுத்த, யாரும் படிக்காத அளவுத்தாள்களைப் பிரித்தார்.

“வெல்டிங் சூட்டுல எந்தத் தகடும் கொஞ்சம் தொப்பை போடும். பாரம் ஏத்தினா அந்தப் பக்கமாவே மடங்கும். தொப்பை பெருசானா தாங்குற சக்தியும் குறையும். இல்வாவோட தாளைப் படி, பெங்ட்.”

“ரெண்டு மில்லிமீட்டர். முத்திரை இருக்கிற பக்கம்.”

“ஸ்டூரேயோடது?”

“ஒன்பது! முத்திரைக்கு எதிர்ப்பக்கம்.”

“இது மடங்கினது எந்தப் பக்கம்?”

பெங்ட் உத்திரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். “எதிர்ப்பக்கம்... அட, அப்போ இது ஸ்டூரேயோடது!”

“பேர்தான் எழுதியிருக்கே!” என்று கத்தினார் ஸ்டூரே.

“எழுதினது யாரு?” என்று கேட்டார் ஹெட்டா.

மேஸ்திரியின் குரல் இறங்கியது. “வண்டியில வரும்போது மழையில சாக்பீஸ் எழுத்து அழிஞ்சுபோச்சு. நான்தான் பெயிண்ட்ல மறுபடி எழுதினேன்.”

“எது யாரோடதுன்னு எப்படித் தெரிஞ்சது?”

“வெல்டிங் அழகா இருந்தது என்னோடதுன்னு...” என்று இழுத்தார் ஸ்டூரே.

“ஒரு பக்கத்தை ஒரே மூச்சுல முடிச்சிருக்கீங்க. சூடு தகட்டை இழுத்திருச்சு. இவ பக்கம் மாத்தி மாத்தி, ஆறவிட்டுச் செஞ்சிருக்கா,” என்றார் ஹெட்டா.

இல்வா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. ஸ்டூரே கடிதத்தைக் கிழித்தார்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தப்பு செய்தவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும்.

“எத்தனை பேருக்கு?” என்று முனகினார் ஸ்டூரே.

“பதினாலு,” என்றாள் இல்வா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. “கேக் மேல பேரை மட்டும் நீங்க எழுதாதீங்க.”