அறுபத்து நாலு பின்கள்

சோதனைப் பெஞ்சில் எதையும் வைக்கவில்லை. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அயோத்தியாப்பட்டணத்தை ஒட்டி, பம்புசெட் ஸ்டார்ட்டருக்குப் போர்டு செய்யும் பட்டறை அது. எண்பத்து நாலாம் வருஷ ஐப்பசி. ஓட்டின் மேல் மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, பற்றவைத்த ஈயத்தின் புகைநெடியும் நனைந்த சாக்கின் வாடையும் கலந்து தொண்டையை அடைக்க, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட அந்தச் சாயங்காலத்தில் சோதனைப் பொறுப்பாளன் அர்த்தநாரி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். பெஞ்சின் நடுவே அறுபத்து நாலு ஸ்பிரிங் பின்கள் நிமிர்ந்திருந்தன. மேலே போர்டை வைத்து அழுத்தினால் ஒவ்வொரு பின்னும் ஓர் இடத்தைத் தொடும். மின்சாரம் கசிந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

பின்களைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். தங்கப்பூச்சுப் பின் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பொறுக்காமல் வெள்ளீயப்பூச்சில் வாங்கிப் பொருத்தினான். மழை ஈரத்தில் அவை கறுத்து, போர்டைச் சரியாகத் தொடாமல் போயின. தொடாத பின் எந்தக் கசிவைக் காட்டும்? கெட்ட போர்டுக்கும் பச்சை எரிந்தது. அப்படித் தேறிய ஒன்று மோகனூர்த் தோட்டத்தில் பம்புசெட்டைப் போடப் போன சின்னுசாமியைப் பிடித்துக் கொன்றது. அர்த்தநாரி சத்தமில்லாமல் பின்களை மாற்றி, கறுத்தவற்றை மூலைக் குப்பையில் போட்டான். ஈரக் கையோடு தொட்டது செத்தவன் தப்பு என்று எழுதியும் கொடுத்தான். சின்னுசாமியின் மனைவி கண்ணாத்தாளுக்கு முதலாளி வேலை போட்டுக் கொடுத்தார், இதே பெஞ்சில்.

சுவிட்சை அணைத்தான். விளக்கு அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். எரிந்தது. மீட்டர் முனைகளை இரண்டு பின்களில் வைத்தான். முள் மெல்ல நகர்ந்து, மனிதனின் ஈர உள்ளங்கைக்குக் காட்டும் இடத்தில் நின்றது.

பின்கள் தாழ்ந்தன. ஒன்று. நான்கு. கும்பலாக. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

"மூணு நாளா வாராருங்க."

திரும்பினான். கண்ணாத்தாள் கதவுக்கு உட்புறம் நின்றாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"நீங்க இன்னும் போகலீங்களா?"

"குப்பையில கறுத்த பின்னு கெடந்துதுங்க சார். நாந்தான் கூட்டி அள்ளுனேன். அன்னிக்கிருந்துதான் வாராரு."

"கண்ணாத்தா, அது வந்துங்க..."

"எங்கிட்டச் சொல்லாதீங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

மீட்டர் முனையோடு பின்களின் மேல் இருந்த கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ஏதோ ஒன்று, சில்லென்று, ஈரமாக, அவன் கையைப் பின்களின் மேல் அமுக்கியது. கத்தினான். மழை அதையும் தின்றது.

கண்ணாத்தாள் குனிந்து பிளக்கை மாட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மின்சாரத்தைக் கூட்டும் வோல்ட் குமிழில் விரலை வைத்தாள்.

"மெதுவாத்தான் திருகோணும்னாருங்க."

குமிழ் ஒரு புள்ளி நகர்ந்தது. இன்னொரு புள்ளி. அவன் விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தோல் பிதுங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஐந்து விரல்கள் அங்கே நுழைந்து, கோத்துக்கொண்டு, இறுகின.