முத்திரை எண் 231

"செத்தவரே வந்து என் புருஷன்மேல சாட்சி சொல்றாருங்க," என்றாள் மெக்கானிக்கின் மனைவி, துப்பறிவாளரிடம். மறுநாள் ராணுவ விசாரணை. கணவனுக்குச் சிறை நிச்சயம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

எண்ணெய்க் கசிவால் விமானம் விழுந்து, அதை ஓட்டிய விமானப் படைப்பிரிவின் தலைவர் இறந்து மூன்று நாளாகிறது. கசிவைத் தாளில் எழுதித் துணைத் தலைவரிடம் கொடுத்தேன் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தத் தாளைக் காணோம். பூட்டிக் கிடந்த தலைவர் அறையிலோ, நேற்றுவரை காலியாக இருந்த மேஜைமேல் இன்று வேறொரு தாள். 'விமானத்தில் குறையில்லை என மெக்கானிக் நேரில் சொன்னார். பறக்கிறேன். காலை 5.40.' கீழே தலைவரின் கையெழுத்து, படைப்பிரிவின் முத்திரை, எண் 231.

துப்பறிவாளர் அந்த அறைக்குப் போனார். நாற்காலி ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாட்டியிருந்த சட்டையின் கை, காற்றே இல்லாத அறையில் மெல்ல அசைந்தது. உடன் வந்த உதவியாளர் ஆறடித் தடியர். அவரே கதவுப் பக்கம் பின்வாங்கினார்.

"அண்ணே, போயிடலாம் வாங்க."

"பேய் முத்திரை குத்துமாய்யா? அந்தப் பதிவேட்டை எடு."

தலைமை மாறும் பதிவேடு அது. 'காலை 5.55. தலைவர் பறக்கிறார். தலைமை துணைத் தலைவருக்கு. அறைச் சாவி, முத்திரை ஒப்படைப்பு. கடைசி எண் 217.'

துணைத் தலைவரையும் மெக்கானிக்கின் மனைவியையும் அங்கேயே வரவழைத்தார்.

"முத்திரை இல்லாத தாளை இங்க யாரும் மதிக்க மாட்டாங்க, இல்லையா சார்?"

"மாட்டாங்க."

"ஒவ்வொரு குத்துக்கும் எண் ஒண்ணு கூடும். 5.55க்கு 217. அப்போ 5.40க்குக் குத்தின தாள்ல 231 எப்படி வந்துச்சு? அன்னையிலேர்ந்து சாவியும் முத்திரையும் உங்ககிட்டதானே?"

துணைத் தலைவர் சாவியையும் முத்திரையையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தம்மா புருஷனை விட்டுடச் சொல்லுங்க. கசிவுத் தாளை எரிச்சதும், இந்தப் பொய்த் தாளை எழுதி வெச்சதும் நான்தான். தலைமையை ஒப்படைச்சிட்டா அவர் வெறும் பைலட். கீழே இருக்கிற நான் சொன்னாத்தான் ஏறணும். 'ஏறலாமா சார்?'னு என்னைக் கேட்டாரு. பதினாறு வருஷமா நான் சார்னு கூப்பிட்ட மனுஷன். அவரைப் போய் வேண்டாம்னு சொல்ல நாக்கு எழல. சின்னக் கசிவுதானேன்னு, ஏறுங்கன்னுட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. கணவன் தப்பித்ததற்கா, செத்த மனிதருக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா?"

"மறுபேச்சில்லாம இறங்கியிருப்பாரும்மா," என்றார் துணைத் தலைவர்.