பயத்தை முகரும் பூட்டு

கதவில் பதித்திருந்த சிறு விளக்கு மறுபடியும் மஞ்சளாகவே எரிந்தது. பூட்டைத் திறக்க வந்திருந்த அமலோற்பவம் அதைத் தோளால் மறைத்துக்கொண்டு, பையில் எதையோ தேடுகிறவள்போல் குனிந்தாள்.

“என்னாச்சு?” என்றான் பின்னால் நின்ற சேர்மதுரை.

“பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது அண்ணாச்சி.”

அது பொய். பூட்டில் ஒரு குறையும் இல்லை.

முகர்பூட்டுக்குச் சாவியும் கிடையாது, எண்ணும் கிடையாது. கைப்பிடிக்கு மேலே கட்டைவிரல் அகலத்தில் ஒரு வலை இருக்கும். எதிரில் வந்து நிற்பவரின் வாசத்தை அது உறிஞ்சிப் பார்க்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசம் உண்டு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், தாளிப்பு, துணி துவைக்கும் தூள், ஈரச் சுவர், ஒரே பாயில் படுப்பவர்களின் தோலில் ஒன்றாக வளரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாம் சேர்ந்த வாசம். அங்கே வாழ்கிறவர்கள் எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். பூட்டு அதை அறிந்துகொண்டால் பச்சை எரிந்து கதவு திறக்கும். இல்லையென்றால் சிவப்பு. மாதக்கணக்கில் வெளியே இருப்பவர்களைப் பூட்டு மறந்துவிடும். கப்பல்காரர்களும் வளைகுடாவிலிருந்து வருகிறவர்களும் சொந்த வீட்டு வாசலில் காலிங்பெல்லை அடித்துவிட்டு நிற்பது தூத்துக்குடியில் சகஜமாகிவிட்டது.

சேர்மதுரை எட்டு மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவன். அவனுக்குச் சிவப்பு எரிந்ததில் வியப்பில்லை. ஆனால் அவன் கையில் பிடித்திருந்த மகள் இதழினிக்கு மஞ்சள் எரிந்தது.

மஞ்சள் இந்த வருடம்தான் வந்தது. திருடர்கள் வீட்டு ஆட்களையே கத்திமுனையில் கதவுவரை நடத்திவந்து கொள்ளையடிக்க ஆரம்பித்தபோது, பூட்டு செய்கிறவர்கள் அச்சத்தடை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வெயிலில் வடியும் வேர்வைக்கும் பயத்தில் வடியும் வேர்வைக்கும் வாசம் வேறு. வீட்டு ஆளாகவே இருந்தாலும் பயந்த வாசம் வந்தால் பூட்டு திறக்காது. மஞ்சள் எரியும். ஊரே அதைப் பாராட்டியது. கடலில் இருந்த சேர்மதுரைக்கு அது தெரியவில்லை.

இதழினிக்கு ஆறு வயது இருக்கும். பள்ளிச் சீருடையில் நின்றாள். தண்ணீர் பாட்டிலின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

“சாப்பிட்டியா பாப்பா?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

பிள்ளை அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. ஆம் என்றா இல்லை என்றா புரியவில்லை.

“அவ கெடக்கா. சீக்கிரம் பாருங்க” என்றான் சேர்மதுரை. “பீரோவுல இவ பாஸ்போர்ட் இருக்கு. சாயங்காலம் பிளைட். கொழும்புல எங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு நான் கப்பலேறணும்.”

“புள்ளயோட அம்மாவும் வாராவளா?”

“அவ எதுக்கு?”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கைபேசியில் வீட்டுப் பத்திரத்தையும் தன் அடையாளத்தையும் முதலிலேயே காட்டியிருந்தான். இரண்டும் சரியாக இருந்தன. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால் திறப்பாளர் திறக்க வேண்டும். அதுதான் விதி. அமலோற்பவத்தின் உரிமமே அந்த விதியின்மேல் நின்றது.

திறப்பதும் அவளுக்குப் பெரிய வேலையில்லை. பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டு இருந்தது. அந்த வீட்டில் துவைத்து, அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த துண்டு. அதில் பஞ்சை ஒற்றித் தூவி என்னும் சிறு ஊதுகுழலில் போட்டு வலைமேல் ஊதினால் போதும். துணிக்குப் பயம் தெரியாது. பச்சை எரிந்துவிடும். திறப்பாளர்கள் இதற்காகத்தான் சோப்புப் போடாமல் குளித்து, பவுடர் பூசாமல், பூ வைக்காமல் இருக்கிறார்கள். தங்கள் வாசம் கலந்துவிடக் கூடாது. அமலோற்பவத்தின் வெறுந்தலையைப் பார்த்துப் புருஷன் இல்லையோ என்று பஸ்ஸில் கேட்டவர்கள்கூட உண்டு. அவள் புருஷன் நன்றாகத்தான் இருந்தான், உப்பளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு.

அவள் தூவியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“துணியில எடுத்து ஊதினா தொறந்துருமாமே?” என்றான் சேர்மதுரை. “கப்பல்ல ஒருத்தன் சொன்னான். உங்களுக்குத் தெரியாதா, இல்ல வேற ஆளைக் கூப்பிடவா?”

“தெரியும் அண்ணாச்சி.”

“பொறவு என்ன பூசையா நடக்கு?”

வேறு வழியில்லாமல் அவள் துண்டைக் கையில் எடுத்தாள். பஞ்சை ஒற்றித் தூவிக்குள் போட்டாள். அப்போது கீழே யாரோ படிகளில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

தலையில் இறால் கம்பெனியின் நீலத் தொப்பியோடு ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை. மூச்சு வாங்கியது.

“அம்மா” என்றாள் இதழினி. அவ்வளவு நேரத்தில் அவள் சொன்ன முதல் சொல் அது.

“யார கேட்டுப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்தீய?” என்றாள் அந்தப் பெண். அவள்தான் பட்டுக்கனி, சேர்மதுரையின் மனைவி. “டீச்சர் போன் போட்டுச் சொல்லுதாவ. புள்ளைய விடுங்க.”

“எம் புள்ள. எம் வீடு. யார கேக்கணும்?”

பட்டுக்கனி மகளின் இன்னொரு கையைப் பற்றி இழுத்துக்கொண்டு நேராகக் கதவுக்கு வந்தாள். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் போதும் என்பதுதான் அவள் எண்ணம் என்று அமலோற்பவத்துக்குப் புரிந்தது. தினமும் நின்றதுபோலவே வலைக்கு எதிரே நின்றாள்.

மஞ்சள் எரிந்தது.

அவள் நகர்ந்து நின்று பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றாள். மஞ்சள். வீட்டு ஆட்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் அவர்களைப் பயமுறுத்துகிற ஆள். எந்த நேரத்துக்காக அச்சத்தடையைச் செய்தார்களோ அந்த நேரம்தான் அது. ஆனால் கதவு திறந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு என்பதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

சேர்மதுரை சத்தமாகச் சிரித்தான். மகளின் கையை அவன் விடவேயில்லை. “பாத்தியாட்டி? வீடே உன்னைய ஒத்துக்கிட மாட்டேங்குது.” பிறகு அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினான். “ஏம்மா, சும்மா தொறந்தா பத்தாது. இவ வாசத்த அழிச்சிட்டு என் வாசத்த ஏத்திரு. இனிமே இவ இந்த வாசல்ல நிக்கப்பிடாது.”

பட்டுக்கனி அமலோற்பவத்தைப் பார்த்தாள். “எக்கா, நீங்களும் ஒரு பொம்பளதானே” என்றாள்.

அமலோற்பவம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதித் திறப்பதற்குப் பூட்டின் உள்ளே போக வேண்டியதில்லை. ஆனால் வாசத்தை மாற்றிப் பதிய மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். தகடு கழல வீட்டுக்காரரின் கைபேசிக்கு வரும் மாற்றெண் வேண்டும். அந்த எண்ணை இப்போது அவனே தரப்போகிறான்.

“மாற்றெண்ணைச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அவன் சொன்னான். தகடு கழன்றது. உள்ளே நகத்தளவு இருந்த அச்சத்தடையில் இரண்டு மெல்லிய கம்பிகள் தெரிந்தன. ஒன்று பயம் உண்டு என்று சொல்லும், மற்றது இல்லை என்று சொல்லும். பயிற்சியில் இருந்தபோது ஒருமுறை அவள் இரண்டையும் தெரியாமல் இடம் மாற்றிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அப்படி மாற்றினால் பூட்டு தலைகீழாக வேலை செய்யும். வீட்டு வாசமும் இருக்க வேண்டும், பயமும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் திறக்கும்.

அவள் கம்பிகளை உருவினாள். மாற்றிச் செருகினாள்.

“உங்க மேல டீசல் வாடை அடிக்கி. அந்தத் திருப்பத்துல போய் நில்லுங்க. கூப்பிடும்போது வந்தாப் போதும்.”

அவன் மகளையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

“புள்ள இங்க நிக்கணும்” என்றாள் அமலோற்பவம். “அவ வாசத்த வச்சுத்தான் பூட்டு இது எந்த வீடுன்னு பிடிக்கும். பொறவுதான் உங்களச் சேக்க முடியும்.”

“இவ?” என்று மனைவியைக் காட்டினான்.

“அழிக்கிற வாசம் எதிர நின்னாத்தான் அழியும்.”

அது அவனுக்குப் பிடித்திருந்தது. “ஏட்டி, போய் நில்லு. உன் கண்ணு முன்னாலயே அழியட்டும்” என்று சொல்லி, மகளின் கையை விட்டான். படித் திருப்பத்துக்குப் போய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

பட்டுக்கனி அசையவில்லை. “எனக்கு வேண்டாம்க்கா. உங்க கால்ல விழுதேன்” என்றாள்.

ஒரு சொல் போதும். பயப்படாதே என்று உதட்டை மட்டும் அசைத்தால்கூடப் போதும், அவளுக்கு உயிர் வந்துவிடும். அமலோற்பவத்தின் வாய்வரை அது வந்தது. ஆனால் அவளுக்குத் தைரியம் வந்தால் கதவு திறக்காது. இருவரும் பயத்தில் இருந்தால்தான் உண்டு.

“நிக்கச் சொன்னா நில்லும்மா” என்றாள் அமலோற்பவம் வெடுக்கென்று. “அழுது என்ன ஆகப்போவுது? பத்திரம் அவிய பேர்ல இருக்கு. கொஞ்ச நேரத்துல உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் கெடையாது. புள்ளைய ஒரு தடவ நல்லாப் பாத்துக்கோ.”

இப்படியொரு பேச்சு தன் வாயில் வரும் என்று அவள் நினைத்ததேயில்லை. பட்டுக்கனியின் முகம் வெளுத்தது. பிள்ளையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு வலைக்கு எதிரே வந்து நின்றாள். பிள்ளை அமலோற்பவத்தைப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

விளக்கு பச்சையாக எரிந்தது.

அமலோற்பவம் இரண்டு கைகளாலும் அவர்களை உள்ளே தள்ளினாள். பட்டுக்கனி தடுமாறி விழுவது தெரிந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கழற்றிய தகட்டை உள்ளங்கையால் அடித்து மாட்டினாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

சேர்மதுரை பாய்ந்து வந்தான். “தொற.”

“எண்ணு ஒரு தடவைக்குத்தான் அண்ணாச்சி. அடுத்தது நாளைக்குத்தான் வரும்.”

“அப்போ ஊது. துணியில எடுத்த பஞ்சு இருக்குல்லா?”

அவள் தூவியை நீட்டினாள். அவனே பிடுங்கி வலைமேல் ஊதினான். மஞ்சள். திரும்பத் திரும்ப ஊதினான். வீட்டு வாசம் இருந்தது, பயம் இல்லை. மஞ்சள்தான் எரிந்தது. தூவியைச் சுவரில் எறிந்து உடைத்தான். அவள் தோளைப் பிடித்துக் கதவோடு சேர்த்து அழுத்தினான். “என்னட்டி செஞ்ச?”

அவன் வாய்க்காற்று அவள் முகத்தில் பட்டது. தலைக்குப் பக்கத்தில் விளக்கு சிவப்பாக எரிந்தது. எவ்வளவு பயந்தாலும் அவள் அந்த வீட்டு ஆள் இல்லையே.

“ஏய், யாரது? பொம்பளப் பிள்ளைய விடுலே!” எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெரிய உடம்புக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மேல்மாடியிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சேர்மதுரை கையை எடுத்தான். உள்ளேயிருந்து பட்டுக்கனி போலீசோடு போனில் பேசும் குரல் கேட்டது. அவன் அமலோற்பவத்தின் கருவிப் பையை உதைத்துப் படியில் உருட்டிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் பட்டுக்கனி கோர்ட்டில் தடை வாங்கினாள். பிள்ளையை அவன் அழைத்துப் போகக் கூடாது, வழக்கு முடியும்வரை பூட்டில் கைவைக்கவும் கூடாது, மாற்றெண் அதுவரை பட்டுக்கனியின் கைபேசிக்கே வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அமலோற்பவத்தின் உரிமத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்க ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனாள். அன்று பேசியது எதற்காக என்று சொல்லி, கம்பிகளைப் பழையபடி மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

“வேண்டாம்க்கா” என்றாள் பட்டுக்கனி. “இப்படியே இருக்கட்டும். ஓடியாந்து நின்னா தொறக்குதுல்லா. எங்களுக்கு அதுதான் வேணும்.”

அப்படியே இருந்தது. வேலையிலிருந்து வரும்போதும் பள்ளியிலிருந்து வரும்போதும் அவர்கள் படியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஏறினார்கள். தெருமுனையில் நிற்கும் ஒவ்வொரு ஆளும் அவனாகத் தெரிந்தான். கதவு ஒருநாளும் அவர்களைக் காக்க வைக்கவில்லை. வாசலில் வந்து நின்றதும் பச்சை எரியும். இவ்வளவு நல்ல பூட்டு ஊரில் இல்லை என்று பட்டுக்கனி எல்லோரிடமும் சொன்னாள்.

மழைக்காலம் வந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அமலோற்பவத்தின் போன் அடித்தது.

“எக்கா, கதவு தொறக்கல. மஞ்சளாவே எரியுது.”

“அவன் வந்திருக்கானா?”

“இல்லக்கா. அவிய கப்பலேறிட்டாவன்னு கேள்விப்பட்டேன். நாங்க முத்துநகர் கடற்கரைக்குப் போயிட்டு இப்பதான் வாரோம். இவ சட்டையெல்லாம் மண்ணு. பஜ்ஜி வாங்கித் தந்தேன், அத நாய் பிடுங்கிட்டுப் போயிட்டு. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே ஏறி வந்தோம். வந்து நின்னா தொறக்கல. கெட்டுப்போச்சா?”

பின்னால் இதழினி சிரிப்பது போனில் கேட்டது.

“கெடல கண்ணு. நீங்க பயப்படல. அதான் தொறக்கல. நான் இப்பவே வாரேன்.”

மறுமுனையில் பட்டுக்கனியின் குரல் தாழ்ந்தது. “எக்கா, இருங்க. யாரோ படியேறி வாராவ.”

கனத்த காலடிகள் போனிலேயே கேட்டன. மேலே, மேலே வந்தன. பிள்ளையின் சிரிப்பு நின்றது. பட்டுக்கனியின் மூச்சு மட்டும் கேட்டது. டக்கென்று தாழ் விலகிய சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

“சிலிண்டர் யாருக்குங்க? மேல்மாடியா?” என்றது ஓர் ஆண்குரல். காலடிகள் தாண்டி மேலே போயின.

“கதவு தொறந்துட்டும்மா, வா” என்றாள் இதழினி.

அமலோற்பவம் இரண்டு முறை கூப்பிட்டாள்.

“எக்கா” என்றாள் பட்டுக்கனி கடைசியில். “நாங்க உள்ள போவல. நீங்க வந்து கம்பிய மாத்துற வரைக்கும் இங்க படியிலயே உக்காந்திருக்கோம்.”