கம்பளத்தில் விழுந்த இளவரசி

அரண்மனையின் அரசவை மண்டபத்தைப் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பளிங்குத் தூண்கள், கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள், வாசலிலிருந்து அரியணை வரை நீளும் சிவப்புக் கம்பளம்!

இளவரசிக்கு மட்டும் அது பிடிக்காது. அத்தனை பெரிய மண்டபத்தில் அவள் வயதில் ஒருவர்கூட இல்லை.

அரியணைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. சபை முடியும்வரை பேசக் கூடாது, இறங்கக் கூடாது. வருகிறவர்கள் அரசரிடம்தான் பேசுவார்கள். அவளுக்கு ஒரு புன்னகை, அவ்வளவுதான்.

“அப்பா, சாயங்காலம் என்னோட விளையாட வருவீங்களா?” என்று கிசுகிசுத்தாள்.

“நாளைக்குப் பார்க்கலாம்டா கண்ணு” என்றார் அரசர்.

அந்த ‘நாளை’ வந்ததே இல்லை.

“வெளிநாட்டுத் தூதரும் அவர் மகளும் வருகிறார்கள்!” என்று வாசலில் கட்டியக்காரர் முழங்கினார்.

பூக்கூடையோடு வந்த அந்தச் சிறுமிக்குக் கம்பளத்தின் மடிப்பு கண்ணில் படவில்லை. கால் தடுக்கிக் குப்புற விழுந்தாள். பூக்கள் சிதறின. மண்டபமே கப்சிப். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“எழுந்திரும்மா” என்று தூதர் முணுமுணுத்தார். அவள் எழவில்லை. முகத்தைக் கம்பளத்தில் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

இத்தனை பேர் நடுவில் தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று இளவரசிக்குத் தெரியாதா? நாற்காலியிலிருந்து குதித்தாள்.

“இளவரசி!” கட்டியக்காரர் பதறினார்.

அவள் ஓடிப்போய், சிறுமியின் பக்கத்தில் தொபுக்கடீரென்று விழுந்தாள். கிரீடம் உருண்டோடி மந்திரியின் காலடியில் நின்றது.

“அடேயப்பா! இந்தக் கம்பளம் என்னையும் தள்ளிவிட்டுடுச்சே!”

சிறுமி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “நீ வேணும்னுதானே விழுந்தே?”

“உஷ்! யார்கிட்டயும் சொல்லாதே.”

சிறுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரசரும் சிரித்தார். அப்புறம் கேட்கவா வேண்டும், சபையே சிரித்தது. இருவரும் எழுந்து பூக்களைப் பொறுக்கினார்கள்.

சபை கலைந்ததும் அரசர் மகளைக் கூப்பிட்டார். “நிஜமாவே தடுக்கி விழுந்தியா?”

“முழங்கால் வலி நிஜம்தான்ப்பா.”

அரசர் குனிந்து அவள் முழங்காலைத் தடவினார். பிறகு தூதரிடம், “ஊருக்குப் போறவரைக்கும் குழந்தையை தினமும் இங்கே அனுப்பி வைங்க” என்றார்.

பெரியவர்கள் வெளியே போனார்கள். சிறுமி இளவரசியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னொரு தடவை விழலாமா?”

கட்டியக்காரர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார். உள்ளே தொப், தொப் என்று சத்தம். மந்திரி ஓடி வந்தார்.

“உள்ளே என்னய்யா நடக்குது?”

“முக்கியமான சபைங்க” என்றார் கட்டியக்காரர். “இப்போ யாரும் போகக் கூடாது.”