தலைவரின் கழுத்துப் பை

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிரந்தரத் தலைவரும், எதிர்த்து நிற்க ஆளில்லாத ஒரே காரணத்தால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருபவரும், ‘அயல்நாட்டில் பணத்தைக் காப்பது எப்படி’ என்று மொட்டைமாடியில் மைக் வைத்துப் பேசியவருமான பெருமகனாரின் கார்டு, சங்கத்தார் கூட்டாகச் சுற்றுலா வந்த அயல்நாட்டு ஓட்டல் ஒன்றில் களவு போய்விட்டது. சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

சரித்திரத்துக்கு முன்பாகச் செய்தி போய்ச் சேர்ந்தது வாத்தியாருக்கு. அவர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“சார், போச்சு சார்!” என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தலைவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். “கார்டு போச்சு. நம்ம எல்லாரோட பொதுப் பணமும் அதுலதான் இருக்கு. இன்னிக்குப் படகுக்குக் கட்டணும், வேனுக்குக் கட்டணும். யாரோ அடிச்சுட்டான் சார்!”

வாத்தியார் வாயில் நுரையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கவலை கால் பங்கு, மகிழ்ச்சி முக்கால் பங்கு. நாடு நாடாகப் படம் வரைந்து புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், முதன்முதலாக ஒரு நாட்டில் நிஜமாகவே வந்து இறங்கியிருக்கிறார். இறங்கிய இடத்தில் ஒரு திருட்டு வேறு. மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் மனைவி வங்கியில் கார்டு புகார்ப் பிரிவில் இருந்தவர். “நான் எடுக்கவே இல்ல மேடம்” என்று அழுதவர்களையும் அதட்டியவர்களையும் காலமெல்லாம் கேட்டுக் கேட்டு, யார் எதை எடுத்தார்கள் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். குடியிருப்பில் அவருக்குப் புகார் மேடம் என்று பெயர். தண்ணீர் மோட்டாரை யார் இரகசியமாகப் போடுகிறார்கள், லிப்டில் வெற்றிலை துப்புவது யார் போன்ற வழக்குகளைத் தீர்த்தவர். அவற்றில் எல்லாம் தனக்குச் சமபங்கு உண்டு என்று வாத்தியார் நம்பினார். மேடம் அதை மறுத்ததில்லை. மறுக்க நேரம் இருந்ததில்லை.

மேடம் தலைவருக்குத் தண்ணீர் கொடுத்தார். “எங்க வச்சிருந்தீங்க?”

“இதுலதான்.” தலைவர் சட்டைக்குள்ளிருந்து கழுத்துப் பையை இழுத்துக் காட்டினார். பாஸ்போர்ட் அளவில் ஒரு துணிப் பை. ஜிப்பின் மேல் ஊக்கு வேறு. “குளிக்கும்போதுகூட கழட்டினதில்ல. தூங்கும்போதும் இதோடதான். காலைல பார்த்தா கார்டு மட்டும் இல்ல.”

“ஊக்கு?”

“ஊக்கு அப்படியே குத்தியிருக்கு. அதான் மேடம் ஆச்சரியம். பெரிய கைகாரன் வேலை!”

“பேங்குக்குப் போன் பண்ணி கார்டை பிளாக் பண்ணிட்டீங்களா?”

“அது... இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு ஓடி வந்தேன். எதுக்கு அவசரம்? பார்ப்போம்.”

மேடம் தலையாட்டினார். வாத்தியாரும் ஆட்டினார், எதற்கென்று தெரியாமல்.

மொட்டைமாடிப் பேச்சு வாத்தியாருக்கு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கார்டு தொலைந்தால் கண்ணீர் விடாதே, முதலில் பிளாக் பண்ணு. ஓட்டல் வாசல் கடையில் பணம் மாற்றாதே, அங்கே மாற்றுகிறவன் முட்டாள். சரக்கு வாங்கும்போது மிஷின் உன் ஊர்ப் பணத்தில் கணக்குப் போடட்டுமா என்று பாசமாகக் கேட்கும், ஏமாறாதே, கூடுதலாகப் பிடுங்கும். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு முழக்கம்: “பின் நம்பரை எழுதி வைக்கிறவன் திருடனுக்கு வெத்தல பாக்கு வைக்கிறான்! என் நம்பர் எனக்கே தெரியாது. என் விரலுக்குத்தான் தெரியும்! எந்தக் கார்டு வந்தாலும் அதே நம்பர். என்னை அடிச்சுக் கேட்டாலும் வராது!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முதலில் தட்டியவர் வாத்தியார்.

“யார் மேலயாவது சந்தேகம்?” என்று வாத்தியார் நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

“சே சே, நான் யாரையும் சொல்ல மாட்டேன்.” தலைவர் பெருமூச்சு விட்டார். “என் ரூம் சாவி இன்னொண்ணு பக்கத்து ரூம்ல இருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

பக்கத்து அறையில் இருப்பது தலைவரின் மகளும் மாப்பிள்ளையும்.

மாப்பிள்ளை ஒரு ஒலிபெருக்கிக் கடையில் பழுது பார்ப்பவர். மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர் என்பதால் தலைவர் அவரை ‘அவர்’ என்றும் சொல்வதில்லை, ‘அவன்’ என்றும் சொல்வதில்லை; “நம்ம பொண்ணு வீட்டுக்காரர் இருக்காரில்ல, அது” என்று அஃறிணையில் முடிப்பார். நேற்று மாலை எல்லோரும் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது மாப்பிள்ளை வரவில்லை. எல்லோரும் திரும்பி வந்த பிறகு, அவர் தனியாக எங்கோ போய்விட்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பியதை வாத்தியார் தம் கண்ணால் பார்த்திருந்தார். இந்தச் சங்கிலி அவர் மூளையில் கோத்துக்கொண்டு ஜிகுஜிகுவென்று மின்னியது.

“நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்றார்.

“என்னங்க, கொஞ்சம் பொறுங்க” என்றார் மேடம்.

துப்பறிவாளர்கள் பொறுப்பதில்லை என்பது வாத்தியாரின் கொள்கை.

பக்கத்து அறையில் மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சட்டை மடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தொண்டையைச் செருமி, “தப்பா நினைக்காதீங்க தம்பி, ஒரு சம்பிரதாயத்துக்கு உங்க பையைப் பார்க்கணும்” என்றார். தப்பாக நினைப்பதற்கு அதைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

மாப்பிள்ளை பையைத் தள்ளி வைத்தார். வாத்தியார் மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். பனியன்கள், ஒரு பழைய சார்ஜர், மகளின் மருந்து டப்பா. அடியில் ஒரு கவர். ஓட்டல் வாசல் பணம் மாற்றும் கடையின் கவர். உள்ளே கத்தையாக இந்த நாட்டுப் பணம்.

“ஆஹா!” என்றார் வாத்தியார். அந்தச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. “இது ஏது தம்பி?”

“என்னோடதுதான்.”

“எதுக்கு வச்சிருக்கீங்க?”

“அதைச் சொல்ல முடியாது சார்.”

“ஏங்க, சொல்லுங்களேன்” என்றாள் மகள். அவள் கையில் சீப்பு அப்படியே நின்றது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வாசலில் தலைவர் வந்து நின்றிருந்தார். “அப்பா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. இவர் அப்படிச் செய்வாரா?”

தலைவர் மேல்கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் சாட்சி சொல்கிறவர்போல, “சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார்.

இது காலைச் சிற்றுண்டிக் கூடத்துக்குப் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டல் மேலாளர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, காவல் நிலையத்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொன்னால் அந்த ஆளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், விசாரணை முடியும்வரை ஊருக்குப் போக முடியாது என்றும் பணிவாகத் தெரிவித்தார். மகள் மாப்பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. எதிர் மேசையில் இருந்த தலைவரின் மனைவி கணவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருங்க” என்று மேலாளரைத் தடுத்தார் மேடம். “என்னங்க, உங்க கால்குலேட்டரைக் கொடுங்க.”

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வந்த நாள் முதல் அவர் ஒவ்வொரு தேநீரின் விலையையும் நம் ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்த்து, அதன் பிறகு தேநீர் குடிக்காமல் விட்டது அந்தக் கால்குலேட்டரின் புண்ணியத்தில்தான். மேடம் அறையிலிருந்து டிவி ரிமோட்டையும் கொண்டு வந்திருந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

“முதல்ல இந்தக் கவர். இவர் கண்டுபிடிச்ச பெரிய சாட்சி.” ‘இவர்’ என்றபோது மேடம் கணவரைப் பார்க்கவில்லை. “நேத்து சாயங்காலம் வாசல் ஏடிஎம்ல நானும் பணம் எடுத்தேன். அது பெரிய நோட்டு மட்டும்தான் கொடுக்குது, இஸ்திரி போட்ட மாதிரி புதுசா. இந்தக் கவர்ல இருக்கறது எல்லாம் கசங்கின சின்ன நோட்டு. கார்டுல எடுத்த பணம் இல்ல இது. நம்ம ஊர் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மாத்தினது.”

“வாசல் கடையிலயா? அங்க மாத்தறவன்...” என்று ஆரம்பித்த தலைவர் நிறுத்திக்கொண்டார்.

“முட்டாள். சொன்னீங்க, ஞாபகம் இருக்கு. அடுத்தது, கார்டு. கழுத்துலயே கிடக்கிற பை. குத்தின ஊக்கு குத்தினபடி. இதைத் திறந்து கார்டை எடுத்துட்டு மறுபடி ஊக்கு குத்தற திருடனுக்கு நாம பரிசுதான் கொடுக்கணும். அதைவிட எனக்கு உறுத்தினது வேற. கார்டு போனா முதல்ல பிளாக் பண்ணுன்னு மைக்ல சொன்ன மனுஷன், பிளாக் பண்ணாம என் கட்டில்ல வந்து உட்கார்றார். எதுக்கு அவசரம்ங்கறார். ஏன்? அந்தக் கார்டை யாரும் எடுத்துச் செலவு பண்ண முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அது பத்திரமா இருக்கற இடமும் தெரியும்.”

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. வாத்தியாருக்குக் கண் முன்னால் அந்த உதறிய சட்டைகள் வந்து நின்றன.

“சார், இந்த ரிமோட்ல உங்க பின் நம்பரை அழுத்துங்க” என்றார் மேடம்.

“இத்தனை பேர் முன்னாடியா? ரகசியம்!”

“வாயால சொல்லச் சொல்லல. உங்களால சொல்லவும் முடியாது. விரலுக்குத்தானே தெரியும்?”

தலைவர் மனைவியைப் பார்த்தார். “அழுத்துங்க” என்றார் அந்த அம்மாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. தலைவரின் ஆள்காட்டி விரல் ரிமோட்டின் நடுவில், மேலிருந்து கீழே நேர்க்கோடாக இறங்கியது. யோசிக்கவே இல்லை, படிக்கட்டு தெரிந்தவன் இருட்டில் இறங்குவதுபோல.

“இப்போ இதுல.” மேடம் கால்குலேட்டரை நகர்த்தினார். விரல் அதே கோட்டில் இறங்கியது. திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்து வாத்தியாரே தலையைச் சொறிந்தார்.

“ரிமோட்ல மேல் வரிசை ஒண்ணு ரெண்டு மூணு. நம்ம ஊர் மிஷின்லயும் அப்படித்தான். கால்குலேட்டர்ல மேல் வரிசை ஏழு எட்டு ஒன்பது. வாசல்ல இருக்கற மிஷினும் அப்படித்தான். நேத்து என் கார்டுக்கு நான் நம்பர் சொல்லச் சொல்ல, எங்க வீட்டுக்காரர் பார்க்காமலே அழுத்தப் போனார். கைல ஒரு தட்டு தட்டினேன். தலைவரைத் தட்ட ஆள் இல்ல. மூணு தடவை அதே கோடு, மூணு தடவையும் தப்பு நம்பர். மிஷின் கார்டை விழுங்கிடுச்சு. திருட்டு நடக்கவே இல்ல.”

தலைவர் வாயைத் திறந்தார். மைக் இல்லாத முதல் மேடை அது அவருக்கு.

“வெளிய தெரிஞ்சா...” என்றார் கடைசியில். “அவ்வளவு பேசிட்டு... எப்படிம்மா சொல்றது?”

“அதுக்காக இவரைப் போலீஸ்ல கொடுக்கலாமாப்பா?” என்றாள் மகள்.

மேடம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “நீங்க பார்த்தீங்க, இல்லையா?”

மாப்பிள்ளை காதைத் தடவிக்கொண்டார். “தலைவலி மாத்திரை வாங்கப் போனேங்க. மாமா மிஷின் முன்னாடி நின்னுட்டிருந்தார். மிஷினைத் தட்டினார், அப்புறம் கும்பிட்டார். அந்த நேரத்துல போய் நின்னா அவருக்குச் சங்கடமா இருக்கும்னு ஒதுங்கிட்டேன். காலைல படகுக்குக் காசு வேணுமேன்னு என்கிட்ட இருந்ததை மாத்தினேன். அத்தை கைல கொடுத்து, அவங்க கொடுக்கற மாதிரி கொடுக்கச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சார் வந்துட்டார்.”

அந்த ‘சார்’ வாத்தியார்தான்.

“அது எனக்குக் கேமரா வாங்க வச்சிருந்த பணம்” என்றாள் மகள், யாரிடம் என்றில்லாமல்.

தலைவரின் மனைவி எழுந்து வந்து கவரை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து மூடினார். தலைவர் தலை குனிந்தவர் குனிந்தவர்தான். கழுத்துப் பை மட்டும் சட்டைக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மேலாளர் தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த மிஷினை வைத்திருக்கும் எதிர் வங்கி திறந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கார்டைத் தருவார்கள் என்றார். தந்தார்கள். படகும் கிளம்பியது.

வாத்தியார் படகில் ஏறும் முன் பக்கத்து அறைக்குப் போனார். அந்தச் சட்டைகளை மடித்து வைத்துவிடலாம் என்ற எண்ணம். அவை ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஓரங்கள் ஒன்றோடொன்று சேர, அவர் உதறியதற்கு ஒரு சுருக்கம்கூட மிச்சம் இல்லாமல். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலில் கைதட்டியவர், முதலில் ஆஹா என்றவர். இரண்டிலும் அவரே முதல்.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தார். படகில் கேட்கலாம் என்று இருந்தார், காற்று அதிகம். வேனில் வாசகங்களை மனத்துக்குள் அடுக்கினார்: ‘தம்பி, ஒரு ஆசிரியனாக அல்ல, ஒரு மனிதனாக’ என்று அருமையாக ஆரம்பித்தது. விமான நிலையத்தில் மூன்று தடவை பக்கத்தில் போய் நின்று, மூன்று தடவையும் மணி கேட்டுவிட்டுத் திரும்பினார். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கு அவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

விமானத்தில் வாத்தியாருக்கு ஜன்னலோர இருக்கை. நடுவில் மாப்பிள்ளை. வாத்தியார் பெல்ட்டைப் போட்டார், கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

“தம்பி...”

“சொல்லுங்க சார்.”

“ஜன்னல் சீட்டு வேணுமா?”

மாப்பிள்ளை ஊர் வரும்வரை ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.